மேசையில் செதுக்கிய பேர்

(பதுளையில் ஆசிரியர்கள், பெற்றோர், மாணவத் தலைவர்கள் கூடியிருந்த அவையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் இருக்கிற இந்த மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பூச்சாடி வைத்திருக்கிறீர்கள். தலைவர் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தபோது துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். பழைய வாத்தியார் புத்தி, விடாது. கீழே ஒன்பது பேர் இருக்கிறார்கள். எல்லாம் கவராயத்தின் முனையால் கீறியவை. ஒருவர் பேரோடு ஆண்டையும் போட்டிருக்கிறார், 2011. இன்னொருவர் இருதயம் ஒன்று வரைந்து, அம்பு விட்டு, அம்பின் மறுமுனையில் ஒரே ஓர் எழுத்தைப் போட்டுப் பாதியில் நிறுத்திவிட்டார். ஆசிரியர் வந்திருக்க வேண்டும்.

பாடசாலைச் சொத்துக்கு மாணவர் செய்யும் சேதத்தைப் பாடசாலை எப்படித் தடுப்பது என்று பேசச் சொல்லி என்னை அழைத்தீர்கள். சேதத்தின் மேல் துணி விரித்துவிட்டு அதைப் பற்றிப் பேசுகிறோம். குறை சொல்லவில்லை. வலயக் கல்விப் பணிமனையிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் நானும் முதலில் தேடியது இப்படி ஒரு துணியைத்தான்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் 'பேர்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். தோட்டம் நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அந்தியில் லயத்துக்குத் திரும்புகிற அம்மாவிடம் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்பதுதான். நாள் வேலை பதிகிற செக்ரோலில் கணக்கப்பிள்ளை பேனாவைத் தூக்கினால் ஒரு மனுஷி முழுப்பேர், தயங்கினால் அரைப்பேர். நான் ஏழு வயதில் இதைக் கேட்டு, அம்மாவின் பேரில் பாதியை யாரோ வெட்டி வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். பெரியவனான பிறகு, அந்த நினைப்பு அவ்வளவு பிழையில்லை என்று தெரிந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்கள் அநேகமாக எல்லோருடைய பேரையும் நாட்டின் ஏட்டில் இல்லாமல் செய்தது. மிச்சமிருந்தவர்களின் பேர் கடைசியாக ஏட்டில் ஏறியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால். ஐம்பத்தைந்து வருடம்! அதற்குப் பிறகும் பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், பாடசாலை இடாப்பில் ஒரு பேர் என்று மூன்று எழுத்துக்கூட்டலோடு நிற்கிற பிள்ளைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற பதினைந்து வயதுப் பையன், நல்ல எழுத்தில், பிழையில்லாமல், முழுப்பேரை ஒரு மேசையில் ஆழமாகச் செதுக்குகிறான். அது சேதம்தான், இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அடிக்கப் போவதற்கு முன்னால் அந்த எழுத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம் அல்லவா?

செதுக்குவதை நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். செதுக்குவது ஒரு சங்கதி. தண்ணீர்ப் பைப்பைத் திருகி உடைப்பது, மலசலகூடக் கதவைக் கழற்றுவது, சாதாரண தரப் பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டுக் கதிரைகளை மாடியிலிருந்து வீசுவது வேறு சங்கதி. பைப் உடைந்த பாடசாலையில் முதலில் வராமல் போவது ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள். மாதத்தில் நாலு நாள், அப்புறம் வாரத்தில் இரண்டு நாள், அப்புறம் ஒரேயடியாக. ஒரு பையன் விளையாட்டாகத் திருகிய திருகு ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடும். மேசையில் கீறல் அப்படிச் செய்வதில்லை. இரண்டுக்கும் ஒரே தண்டனை கொடுத்த காலம் எனக்கும் இருந்தது.

சீகிரியாவின் கண்ணாடிச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "கை வைக்காதே" என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போகிற இடம். 2015 பெப்ரவரியில் மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ் இளம்பெண் ஒருத்தி, கூட வேலை செய்பவர்களோடு சுற்றுலா போனவள், அந்தச் சுவரில் தன் பேரைக் கீறினாள். தம்புள்ளை நீதிமன்றம் இரண்டு வருடச் சிறை விதித்தது. பிறகு ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தாள். தொல்பொருளில் கீறுவது பெரிய குற்றம், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சுவரைக் காப்பாற்றுவதற்கு முக்கியமான காரணமே அதில் முன்பு வந்தவர்கள் கீறிவைத்த கீறல்கள்தான். எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை ஏறிப்போனவர்கள் தங்கள் பேரையும் ஊரையும் போட்டு எழுதிய சிங்களக் கவிதைகளில் 685ஐப் படித்தெடுத்து, பேராசிரியர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். இன்று அவை இலக்கியம். ஆயிரம் வருடம் கழித்து இந்த மேசையும் நூதனசாலைக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. இதன் பலகை அவ்வளவு நாள் தாங்காது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இந்தக் கதையை அவள் படித்த பாடசாலை சொல்லியிருந்தால், அது வேறு யாரோ காவல் காக்கிற சுவர் என்று நினைக்காமல், ஏற்கெனவே எழுதி நிறைந்துபோன சுவர் என்று நினைத்திருப்பாள். அதைத்தான் பாடசாலை செய்ய முடியும். பொலிஸ் செய்ய முடியாது.

பொலிஸ் என்றதும் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. அரச பாடசாலையின் கதிரை பொதுச் சொத்து. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துகளுக்கு எதிரான குற்றங்கள் சட்டம் அதற்கும் செல்லும். சேதம் பெரிதானால் பிணை எடுப்பதே சிரமமாகலாம். இன்றைய விலையில் சில கதிரைகளும் ஒரு கதவும் போதும் சேதம் பெரிதாவதற்கு. ஒவ்வொரு வருடமும் சாதாரண தரப் பரீட்சை முடிகிற நேரம் பார்த்து, சொத்தைச் சேதப்படுத்துகிறவர்களின் பெறுபேறு நிறுத்தப்படும் என்று எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கை வேண்டியதுதான். ஆனால் முறைப்பாடு எழுதப் பேனாவை எடுக்கிற அதிபர் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் நாளைக்குக் கொழும்புக் கடைக்கோ வெளிநாட்டுக்கோ போகப் போகிறவர்கள். அங்கே முதலில் கேட்பது பொலிஸ் நற்சான்றிதழ். பதினாறு வயதில் உடைத்த ஜன்னலுக்கு இருபத்தாறு வயதில் விலை கொடுக்க வைப்பதா? நான் இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். ஒரு தடவை எழுதினேன். எழுதியதற்கு இன்றும் வருந்துகிறேன்.

அடிக்கவும் கூடாது, 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல்ரீதியான தண்டனையைத் தடுத்துவிட்டது. "பிறகு என்னதான் செய்வது சேர்?" என்று இளம் ஆசிரியர்கள் கேட்பது நியாயம். நம்மில் பலர் கண்டுபிடித்த மாற்றுவழி, உடைத்தவனை மலசலகூடம் கழுவ விடுவது, பாடசாலைத் தோட்டத்தைக் கூட்ட விடுவது. இதுதான் எனக்கு மிகவும் பயமூட்டுகிற வைத்தியம். பாடசாலையைச் சுத்தம் செய்வது குற்றவாளியின் வேலை என்று ஐந்நூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க அதைக் கற்றுக்கொடுக்கிறோம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? நம் பாடசாலைகளின் பிறப்பை மறந்துவிடக் கூடாது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு வழி செய்கிற கடமையைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது. பள்ளிக்கூடம் தோட்டத்தின் பொருள் ஆயிற்று. ஸ்டோர் போல, பிள்ளைக் காம்பரா போல. ஊருக்கெல்லாம் இலவசக் கல்வி வந்து முப்பது வருடம் கழித்து, 1977இலிருந்துதான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. 1986 முதல் சுவீடன் நாட்டின் சீடா நிறுவன உதவியில் புதுக் கட்டடங்களும் தளபாடமும் வந்தன. கட்டடம் மாறியது. தோட்டத்துச் சனத்தைக் காலையில் நிறுத்தி வேலை பிரிக்கிற பிரட்டு மாறவில்லை. காலையில் வரிசை, பேர் கூப்பிடுதல், பிந்தி வந்தவன் தனியே நிற்றல், முன்னால் ஒருவர் குரலை உயர்த்திக் கணக்குக் கேட்டல்: நம் காலைக் கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், பிரட்டுக்களம் தெரியும். மாணவத் தலைவர்கள் கோபிக்கக் கூடாது, உங்களில் சிலர் கங்காணி மாதிரித்தான் நடக்கிறீர்கள்; அப்படி நடக்கச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்.

பதுளை ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அவர்களுடைய தந்தையார் தோட்டத்து ஆசிரியர். அந்தக் காலத்துத் தோட்டத்து வாத்தியார் துரைக்கும் சனத்துக்கும் நடுவில் நின்றவர், இரண்டு பக்கமும் முழுதாகச் சேராதவர். நாம் இன்னும் அந்த நடுவில்தான் நிற்கிறோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பையன் கல்லெறியும்போது அவன் எறிவது எந்தப் பக்கத்தின் மேல் என்று அவனுக்கே தெரியாது.

உடைப்பதை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. 1983 ஜூலையில் இந்தப் பதுளை நகரத்தில் தமிழர் கடைகளையும் வீடுகளையும் எரித்தவர்கள் பாடசாலை மாணவர்கள் இல்லை, வளர்ந்தவர்கள். 2018 சனவரியில் இந்த நகரத்துத் தமிழ் மகளிர் பாடசாலை ஒன்றின் அதிபரை அப்போதைய மாகாண முதலமைச்சர் மண்டியிட வைத்தார் என்று எழுந்த குற்றச்சாட்டு நாடு முழுக்கப் பேசப்பட்டது, மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்தது. அந்த வாரம் நம் பிள்ளைகள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? அதிபரின் மரியாதை ஒரு கதிரைக்கும் ஈடில்லை என்று கண்ட பிள்ளைக்குக் கதிரையின் மரியாதையைப் பற்றி நாம் எப்படிப் பாடம் நடத்துவது?

வெளியுலகத்தில் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு சொல்கிறேன். 1969இல் அமெரிக்க உளவியலாளர் சிம்பார்டோ இரண்டு பழைய கார்களை இரண்டு ஊர்களில் தெருவில் விட்டார். நியூயோர்க்கின் பிராங்ஸில் விட்ட காரை உடனேயே கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் வசதியான ஓர் ஊரில் விட்ட காரை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. பிறகு அவரே சம்மட்டியால் முதல் அடி அடித்தார்; கூட இருந்த மாணவர்களும் சேர்ந்துகொண்டு உற்சாகமாக உடைத்தார்கள். முதலில் உடைந்தது எத்தனை நாள் உடைந்தபடியே கிடக்கிறது என்பதுதான் கணக்கு. லண்டனில் மைக்கேல் ரட்டரும் குழுவினரும் 12 இடைநிலைப் பாடசாலைகளை வருடக்கணக்காகப் பார்த்து 1979இல் எழுதிய நூலின் பேரே 'பதினையாயிரம் மணித்தியாலம்'. ஒரு பிள்ளை பாடசாலையில் கழிக்கிற நேரம் அது. கட்டடம் பழையதா புதியதா என்பது பெரிதாக இல்லை, பராமரிப்பும், பிள்ளைகளின் கையில் கொடுத்த பொறுப்பும், சுவரில் தொங்கிய அவர்களுடைய வேலையும்தான் நடத்தையோடு சேர்ந்து போயின என்று கண்டார்கள். கலிபோர்னியாவில் மேயர் என்பவர் 18 பாடசாலைகளில், தண்டனையைக் குறைத்து, நல்லதைக் கண்டு சொல்லுகிற பழக்கத்தை ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்தார். சேதத்துக்கான செலவு சராசரியாக முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது என்று 1983இல் அறிக்கையிட்டார். நம்பக் கஷ்டமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. தண்டனையைத் தவிர வேறு கருவி கையில் இல்லாதவனுக்கு இதை நம்புவது கஷ்டம்.

இனி என் கதை. பதுளைக்கும் பசறைக்கும் இடையில் ஒரு தோட்டப் பாடசாலை. அதன் பேர் வேண்டாம். தவறு என்னுடையது, பாடசாலையுடையது இல்லை. மேலே ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்துத் தாங்கியில் விட்டு, பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு இரண்டு பைப் போட்டிருந்தோம். அதற்கு முன்பு பிள்ளைகள் லயத்துப் பீலிக்கு ஓட வேண்டியிருந்தது. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் இரண்டு பைப்பும் கழுத்தோடு முறிந்து, தாங்கி காலியாகக் கிடந்தது. நான் என்ன செய்தேன்? மேல்வகுப்புப் பையன்கள் எல்லோரையும் வெயிலில் நிறுத்தினேன். யார் என்று கேட்டேன். நாலு நாள் கேட்டேன். ஒருவனும் வாய் திறக்கவில்லை. சந்தேகப்பட்ட ஏழு பேரின் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினேன்.

வந்தவர்கள் எல்லோரும் அம்மாமார். அதில் ஒருவர், கொழுந்துக்கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தவர், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "சேர், நீங்க கூப்பிட்டதால எனக்கு இன்னைக்கு அரைப்பேர். என் மகன் உடைச்சிருந்தா முழுப்பேரையும் தந்துடுறேன். உடைக்கலைன்னா என் அரைப்பேரை யாரு தருவா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சந்தையில் விலை கேட்பது போலக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

அன்றோடு விசாரணையை நிறுத்திவிட்டேன். நல்லெண்ணம் ஒன்றும் இல்லை, வெட்கம். மறுநாள் தோட்டத்தில் பைப் வேலை செய்கிற பாஸைக் கூட்டிவந்து, "இந்த வேலையைப் பழக விருப்பமானவர்கள் பின்னேரம் நிற்கலாம்" என்று மட்டும் சொன்னேன். பதினொரு பையன்கள் நின்றார்கள். நான் சந்தேகப்பட்ட ஏழு பேரில் ஐந்து பேர் அதில் இருந்தார்கள். பழைய குழாயை அறுப்பது, மரை வெட்டுவது, டேப் சுற்றுவது, வாஷர் போடுவது, மூன்று பின்னேரம். கடைசியில் தண்ணீர் வந்தபோது அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தாங்கியின் மூடிக்கு உள்பக்கமாகப் பதினொரு பேரும் தங்கள் பேரைப் பெயின்ற்றில் எழுதினார்கள். நான் பார்க்காதது போல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

பிறகு திருத்த வேலைக்கு ஓர் ஆயுதப் பெட்டி வாங்கினோம். பணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துடையது. திறப்பைப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்தேன். பிரதி அதிபர் அதை எதிர்த்தார். திறப்பு அலுவலகத்தில் தொங்க வேண்டும் என்பது அவர் கட்சி. முதல் தவணையிலேயே ஒரு ஸ்பேனர் காணாமல் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் அதை இன்றும் எனக்கு நினைவூட்டுகிறார். ஆனால் உடைந்த கதிரை மூன்று நாளுக்கு மேல் உடைந்தபடி கிடக்கவில்லை. பெண்பிள்ளைகளும் திருத்தப் பழகினார்கள், தச்சுவேலையில் பையன்களைவிட நன்றாக. மேசையில் பேர் செதுக்குவது மட்டும் நிற்கவே இல்லை. அதற்கு வகுப்புக்கு ஒரு பழைய பலகையைச் சுவரில் அறைந்து, வருடக் கடைசியில் எல்லோரும் அதில் எழுதலாம் என்று விட்டேன். பாதி வெற்றி. ஒரு பையன் பலகையிலும் எழுதினான், மேசையிலும் எழுதினான். இரண்டு வருடம் கழித்து ஒருவன் காதல் தோல்வியில் நாலு ஜன்னலை உடைத்தான். அதற்கு எந்த ஆயுதப் பெட்டியும் உதவவில்லை. அவனோடு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

சுவரைக் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னோர் உதாரணம். 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் தெருச்சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள், நினைவிருக்கும். முந்தின மாதம் வரை கட்சிப் போஸ்டர் ஒட்டிய அதே சுவர். ஓவியங்கள் எல்லாம் அழகென்று சொல்ல மாட்டேன். சிலதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் நான் பார்த்தவரை சில மாதம் அந்தச் சுவர்களில் யாரும் போஸ்டர் ஒட்டத் துணியவில்லை.

பாடசாலை யாருடையது என்பதை நான் ஒருநாள் கண்ணால் பார்த்தேன். 2014 ஒக்டோபர் 29, காலை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் மண். மிஞ்சிய சனம் தங்கியது எங்கே? கொஸ்லாந்தை கணேஷா தமிழ் வித்தியாலயத்திலும் பூனாகலைத் தமிழ்ப் பாடசாலையிலும். உடுப்பு மூட்டையோடு நாங்கள் போனபோது வகுப்பறைகளில் மேசைகளை ஓரமாக அடுக்கி, நடுவில் பாய் விரித்திருந்தார்கள். ஒரு கிழவி கரும்பலகைக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்து மேசையில் செதுக்கியிருந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரியாதவர். "இதுல என் பேரன் பேர் இருக்கா, பாருங்க" என்று என்னிடம் கேட்டார். குனிந்து தேடினேன். அந்த மேசையில் இல்லை. மற்ற மேசைகளையும் பார்த்தேன்.

பரீட்சையின் கடைசி நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பலர் தங்கள் பாடசாலையில் பரீட்சை எழுதுவதில்லை. பஸ் ஏறி வேறொரு பெரிய பாடசாலைக்குப் போகிறார்கள். பத்து நாள் தெரியாத கதிரையில் உட்கார்ந்து, தெரியாத ஆசிரியரின் முறைப்பில் எழுதிவிட்டு, கடைசி மணி அடித்ததும் வாசலில் பொலிஸைப் பார்க்கிறார்கள். பதினொரு வருடப் படிப்புக்கு அதுவா வழியனுப்பு? நாங்கள் மறுநாள் அவர்களைச் சொந்தப் பாடசாலைக்கு வரச்சொல்லி, மதியம் சோறு போட்டு, ஆயுதப் பெட்டியின் திறப்பை அடுத்த வகுப்பிடம் கொடுக்க வைத்தோம். எல்லோரும் வரவில்லை. வந்தவர்கள் சாயங்காலம் வரை போகவில்லை.

அந்தப் பைப்பை உடைத்தது யார் என்று நான் பிறகு கேட்கவே இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் பதுளை பஸ் நிலையத்தில் ஒருவர் வந்து என் பையை வாங்கிக்கொண்டார். அரைப்பேர் கேட்ட அந்த அம்மாவின் மகன். இப்போது அவருக்கே பாடசாலைக்குப் போகிற பிள்ளை இருக்கிறது. பேச்சுக்கு நடுவில், "சேர், அன்னைக்கு அதை உடைச்சது நான் இல்ல. ஆனா யாருன்னு தெரியும்" என்றார்.

"யாரு?" என்றேன்.

சிரித்தார். பசறை பஸ் வந்தது. பையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.